கதவைத் தட்டும் சத்தத்திலும் தேவ பிரசன்னம்





"ஐயா, நான் தவறாமல் ஜெபிக்கிறேன், வேதம் வாசிக்கிறேன், ஆராதனைக்கும் போகிறேன். ஆனாலும் தேவன் என்னோடு இருக்கிறார் என்ற நிச்சயம் வரவில்லையே" என்று பலர் கேட்பதுண்டு. நோயாளியின் கட்டிலருகே இரவெல்லாம் கண்விழிக்கும் உறவினர்கள் கேட்கிறார்கள். சபைகளில் பல ஆண்டுகளாக உண்மையாய் ஊழியம் செய்கிறவர்களும் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சங்கீதக்காரனும் இதே கேள்வியைக் கேட்டவன்தான்.

தேவ பிரசன்னம் என்றவுடன் நம்மில் அநேகர் ஓர் உணர்ச்சியையே நினைக்கிறோம். கன்வென்ஷன் கூட்டத்தில் பாடும்போது உள்ளம் உருகினால் தேவன் வந்தார் என்கிறோம். திங்கட்கிழமை காலையில் தண்ணீர் லாரிக்கும் மின்சார ரயிலுக்கும் ஓடும்போது அந்த உருக்கம் இல்லாததால், தேவன் எங்கோ போய்விட்டார் என்று நினைக்கிறோம். உணர்ச்சி நல்லதே, ஆனால் அது வரும், போகும். உலகத்தின் முடிவுபரியந்தம் நம்முடனே இருப்பதாக ஆண்டவர் கொடுத்த வாக்கு நம் உணர்ச்சியைப் பொறுத்தது அல்ல.

வேலை நேரத்தில் வருகிற தேவன்

வேதத்தைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். மோசே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் முட்செடியைக் கண்டார். கிதியோன் கோதுமையைப் போரடித்துக்கொண்டிருந்தார். பேதுருவும் கூட்டாளிகளும் வலைகளை அலசிக்கொண்டிருந்தார்கள். மத்தேயு ஆயத்துறையில் உட்கார்ந்திருந்தார். எம்மாவு ஊருக்கு நடந்துபோன இரண்டு சீஷர்களும் வழியெல்லாம் கூடவே வந்தவரை அறியவில்லை. பந்தியில் அவர் அப்பத்தைப் பிட்டபோதுதான் அறிந்துகொண்டார்கள். தேவாலயத்தில் தேவன் பேசுவதில்லை என்று நான் சொல்லவில்லை. மனுஷர் தங்கள் அன்றாட வேலையில் இருக்கையிலும் அவர் தேடி வருகிறார் என்பதையே சொல்லுகிறேன்.

பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கர்மேல் மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்ற எளிய துறவி இருந்தார். மடத்தின் சமையலறையில் பல ஆண்டுகள் வேலை செய்தார். அந்த வேலை இயல்பாகவே அவருக்குப் பிடிக்காத வேலை. ஆனாலும் அதைத் தேவனுக்காகச் செய்யப் பழகினார். முடிவில், ஜெப நேரத்துக்கும் பாத்திரங்களின் ஓசைக்கு நடுவே வேலை செய்யும் நேரத்துக்கும் தமக்கு வித்தியாசமே தெரியவில்லை என்று சொல்லும் நிலைக்கு வந்தார். அவர் 1691-ஆம் ஆண்டு மரித்தார். பழகினார் என்ற சொல்லைக் கவனியுங்கள். அது ஒரு நாளில் வந்தது அல்ல.

திண்டிவனத்தில் ஓர் இரவு

இதை அறிய நாம் பாரிஸ் வரை போக வேண்டியதில்லை. நம் ஊரப்பாக்கத்தின் வழியாகச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் பஸ் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் திண்டிவனம் வந்துவிடும். 1890-களின் தொடக்கத்தில் அங்கே மிஷனெரி மருத்துவர் ஜான் ஸ்கடர் இருந்தார். சுகவீனமாயிருந்த தாயாருக்கு உதவி செய்ய அவர் மகள் ஐடா அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். மிஷனெரியாக வேண்டும் என்ற எண்ணம் ஐடாவுக்கு இல்லை. சீக்கிரம் திரும்பிப் போய்விட வேண்டும் என்பதே அவர் விருப்பம்.

ஒரு நாள் இரவு கதவு தட்டப்பட்டது. தன் இளம் மனைவி பிரசவத்தில் மரணத் தறுவாயில் இருக்கிறாள் என்று ஒரு பிராமணர் வந்து நின்றார். என் தகப்பனார் மருத்துவர், அவரை அழைத்து வருகிறேன் என்றார் ஐடா. அந்நிய ஆண் ஒருவர் தன் மனைவியைப் பார்க்க வழக்கம் அனுமதிக்காது என்று சொல்லி அவர் திரும்பிப் போனார். பின்பு ஒரு முஸ்லிம் வந்தார். அதன் பின்பு இன்னொரு இந்து வந்தார். மூவருக்கும் ஒரே தேவை, மூவரும் சொன்னது ஒரே பதில். காலையில் விசாரித்தபோது மூன்று பெண்களும் மரித்துப்போயிருந்தார்கள்.

அன்றிரவு ஐடா உறங்கவில்லை, வேதனையோடு ஜெபித்தார். தேவனை முகமுகமாய் முதல் முறை சந்தித்தது அந்த இரவில்தான் என்று நினைப்பதாகப் பிற்காலத்தில் அவர் சொன்னார். அவர் மிஷனெரி குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர். ஜெபமும் பாட்டும் சிறுவயது முதல் அவருக்குப் பழக்கம். ஆனாலும் அந்தச் சந்திப்பு நடந்தது, உதவி கேட்டு வந்த மூவர் தம் கதவைத் தட்டிவிட்டுப் போன இரவில்.

அவர் அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து, 1899-இல் பட்டம் பெற்று, 1900-இல் வேலூரில் தகப்பனாரின் வீட்டிலேயே ஒரே ஒரு கட்டிலோடு ஊழியத்தைத் தொடங்கினார். ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர் தம் காலஞ்சென்ற மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரைக் கொண்டு, 1902-இல் 40 கட்டில்கள் உள்ள ஆஸ்பத்திரி எழும்பியது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. அதுவே இன்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஐடாவை அழைப்பதற்காகவே தேவன் அந்த மூன்று பெண்களையும் மரிக்க விட்டார் என்று நான் பிரசங்கிக்க மாட்டேன். பிள்ளையை இழந்த தாயிடம் அப்படிச் சொல்ல எந்தப் போதகருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்த மூன்று வீடுகளிலும் தேவன் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். கைவிடப்பட்டவராய்ச் சிலுவையில் கதறினவரைத் தேவகுமாரன் என்று அறிக்கையிடுகிற நாம், மரணம் நடக்கும் வீட்டில் தேவன் இல்லை என்று எப்படிச் சொல்லலாம்? அவர் அங்கே அழுகிறவர்களோடு இருந்தார். அதே இரவில், கேட்கக் கூடிய ஒரு காதையும் தேடினார்.

செங்கல்பட்டில் ஒரு கைப்பிடி

அதே சாலையில் ஊரப்பாக்கத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் செங்கல்பட்டு. மிஷனெரி பெற்றோருக்கு 1914-இல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1947-இல் அங்கே டாக்டர் ராபர்ட் காக்ரேன் நடத்திவந்த தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். நோயாளிகளின் விரல்கள் மடங்கி, பறவையின் நகம்போல் இருந்தன. இவற்றைச் சரிசெய்ய எலும்பு மருத்துவர்கள் ஏன் முன்வரவில்லை என்று காக்ரேன் கேட்டார். பிராண்ட் ஒரு நோயாளியின் கையில் தம் கையை வைத்து, பலமாக அழுத்தும்படி சொன்னார். செத்துப்போன கை என்று எல்லாரும் எண்ணியிருந்த அந்தக் கை, அவருக்கு வலிக்கும்படி இறுகப் பிடித்தது. சில தசைகள் செயலிழந்தாலும் மற்றவை பலமாகவே இருக்கின்றன என்று அவருக்கு விளங்கியது.

நல்ல தசையின் நாணை மாற்றிப் பொருத்தி விரல்களை மீண்டும் இயங்கச் செய்யும் அறுவை சிகிச்சை இதிலிருந்து வேலூரில் வளர்ந்தது. பலர் நினைத்தபடி தொழுநோயில் சதை தானாக அழுகி விழுவதில்லை. வலி உணர்வு போய்விடுவதால் காயங்கள் கவனிக்கப்படாமல் போகின்றன என்பதையும் அவர் விளக்கிக் காட்டினார்.

தொட அஞ்சிய கையைத் தொட்டபோது வழி திறந்தது. அந்த வழியில் இன்னொருவரும் வந்தார். டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, கால்களின் இயக்கத்தை இழந்தார். நடக்க வேண்டும் என்ற ஜெபத்துக்கு அவர் கேட்டபடி பதில் வரவில்லை. ஆனால் பிராண்ட் அவர்களின் தூண்டுதலால், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்பு வெளிநாட்டில் பயிற்சி பெற்றுத் திரும்பி, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையின் தலைவரானார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது.

நாம் பழக வேண்டியவை

பிரியமானவர்களே, நம்மில் பெரும்பாலோர் மருத்துவக் கல்லூரி கட்டப்போவதில்லை. ஆனால் மூன்று காரியங்களை இன்றே பழகலாம்.

முதலாவது, கையில் உள்ள வேலையைத் தொடங்கும் முன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அடுப்பைப் பற்றவைக்கும் முன்போ, கடையைத் திறக்கும் முன்போ, "ஆண்டவரே, இதை உமக்காகச் செய்கிறேன்" என்று மனதிற்குள் சொன்னால் போதும்.

இரண்டாவது, குறுக்கே வருகிறவரைத் தொந்தரவாக எண்ணாதிருங்கள். சாப்பிடும் வேளையில் ஒலிக்கும் தொலைபேசி, கடன் கேட்டு வரும் பக்கத்து வீட்டார், கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் எந்த பஸ் என்று தெரியாமல் மூட்டையோடு நிற்கும் வயதான அம்மா, இவர்களும் கதவைத் தட்டுகிறவர்கள். எல்லாருக்கும் நம்மால் உதவ முடியாது. அன்றிரவு ஐடாவாலும் முடியவில்லை. ஆனால் கேட்டதை அவர் மறந்துவிடவில்லை.

மூன்றாவது, இரவில் படுக்கும் முன் அந்த நாளைத் திரும்பிப் பாருங்கள். யாக்கோபு பெத்தேலில் விழித்தெழுந்த பின்புதான், கர்த்தர் அந்த இடத்தில் இருந்ததைத் தான் அறியவில்லை என்று உணர்ந்தான். நாமும் பல வேளைகளில் பிற்பாடுதான் அறிகிறோம்.

மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் நீதிமான்களும் ஆச்சரியப்பட்டுத்தான் கேட்கிறார்கள்: எப்பொழுது உம்மை வியாதியுள்ளவராகக் கண்டோம் என்று. பணிவிடை செய்த நேரத்தில் அவர்களுக்கு விசேஷ உணர்வு ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் உணராவிட்டாலும் அவர் அங்கே இருந்தார்.

நீங்கள் அன்போடு அனுப்பும் காணிக்கையும் அப்படிப்பட்டதே. அதை அனுப்பும்போது உள்ளத்தில் ஒன்றும் தோன்றாமல் இருக்கலாம். ஆனால் அது ஒருவருடைய மாத்திரையாகவும், புண்ணைக் கட்டும் துணியாகவும், காத்திருக்கும் தாய்க்கு ஒரு வேளை உணவாகவும் மாறுகிறது. அங்கே அவர் இருக்கிறார்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதித்துக் காத்துக்கொள்வாராக. வியாதியஸ்தருக்காகவும், அவர்களைக் கவனிப்போருக்காகவும் தொடர்ந்து ஜெபியுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்,
ஊரப்பாக்கம்