2147483647 (எண்)

2147483647 என்பது 2147483646 இற்கும் 2147483648 இற்கும் இடைப்பட்ட ஒற்றை முழு எண் ஆகும். இது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 எனப் படிக்கப்படும். இதன் மதிப்பு 2³¹ − 1. இது ஒரு பகா எண். இரும எண் முறையில் இதனைத் தொடர்ச்சியான 31 ஒன்றுகளாக எழுதலாம்.

வகைப்பாடு

2ⁿ − 1 என்னும் வடிவிலுள்ள பகா எண்கள் மெர்சென் பகா எண்கள் எனப்படும். இவ்வரிசையில் 2147483647 எட்டாவதாகும். 2ⁿ − 1 பகா எண்ணாக இருக்க வேண்டுமானால் n பகா எண்ணாக இருக்க வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. எடுத்துக்காட்டாக, 11 பகா எண்; ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89.

இதன் அடுக்கான 31 உம் ஒரு மெர்சென் பகா எண்ணே (2⁵ − 1). எனவே இது இரட்டை மெர்சென் பகா எண்ணும் ஆகும். இவ்வகையில் 7, 127, 2147483647, 2¹²⁷ − 1 ஆகிய நான்கு மட்டுமே இதுவரை அறியப்பட்டுள்ளன.

ஆய்லரின் நிறுவல்

1644 இல் மாரென் மெர்சென் வெளியிட்ட பட்டியலில் அடுக்கு 31 இடம்பெற்றது, நிறுவல் தரப்படவில்லை. அதே பட்டியலிலிருந்த 67, 257 ஆகியவை தவறானவை எனப் பின்னர் தெரியவந்தது. ஆகவே பட்டியலில் இடம்பெற்றதை மட்டும் சான்றாகக் கொள்ள இயலாது.

1772 இல், ஏறத்தாழ முழுமையாகப் பார்வை இழந்திருந்த லியோனார்டு ஆய்லர், இது பகா எண்ணே என நிறுவினார். ஓர் எண் பகு எண்ணாயின், அதன் வர்க்கமூலத்தை மிகாத பகாக் காரணி ஒன்று இருக்கும். இங்கு அந்த எல்லை 46340. இவ்வெண்ணின் எந்தப் பகாக் காரணியும் 62 ஆல் வகுக்கும்போது மீதி 1 தரும். 8 ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 தரும். இவ்விரண்டையும் இணைத்தால், 248 ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆக வேண்டும். எல்லைக்குள் அத்தகைய எண்கள் சுமார் 370 மட்டுமே. அவற்றிலும் பகா எண்களைச் சோதித்தாலே போதும். அவற்றுள் எதுவும் இதனை மீதியின்றி வகுக்கவில்லை.

நிறைவெண்

தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூடுதலுக்குச் சமமான எண் நிறைவெண் எனப்படும் (6 = 1 + 2 + 3). 2³⁰ × (2³¹ − 1) = 2305843008139952128 என்பது எட்டாவது நிறைவெண். இதைவிடப் பெரிய நிறைவெண் எதுவும் கண்டறியப்படப் போவதில்லை என 1811 இல் பீட்டர் பார்லோ எழுதினார். அக்கருத்து பின்னர் பொய்யானது.

கணினியியலில்

குறியுடன் கூடிய 32 பிட்டு முழு எண்ணில் ஒரு பிட்டு குறிக்கு ஒதுக்கப்படுவதால், சேமிக்கத்தக்க மிகப்பெரிய மதிப்பு 2147483647 ஆகும். பல கணினிகள் 1970 சனவரி 1 முதல் கடந்த நொடிகளை இவ்வாறு எண்ணுகின்றன. 2038 சனவரி 19 அன்று, இந்திய நேரப்படி காலை 8:44:07 மணிக்கு, இந்த எண்ணிக்கை எல்லையைத் தொடும். அடுத்த நொடியில் மதிப்பு −2147483648 ஆகி, நாள் 1901 திசம்பர் 13 எனக் காட்டப்படலாம். இதுவே 2038 ஆம் ஆண்டுச் சிக்கல். நேரத்தை 64 பிட்டுகளில் சேமிப்பது இதற்கான தீர்வாகும்.