இயற்கையைக் காக்கப் பொருள் திரட்டுதல்: உலக வனவிலங்கு நிதியின் பட்டறிவு

பொதுப்பணிக்குப் பொருள் கேட்போர் பலர். கோவில் திருப்பணிக்கும் பள்ளிக்கூடக் கட்டடத்திற்கும் கேட்பவர், கொடுப்போருக்குக் கண்கண்ட பயன் ஒன்றைக் காட்ட முடியும். எழும் கோபுரத்தைக் கொடுத்தவரே காண்பர். கட்டிய பள்ளியில் அவர்தம் பிள்ளைகளே படிப்பர். காட்டையும் விலங்கையும் காக்கப் பொருள் கேட்பவருக்கு அவ்வசதி இல்லை. இலண்டனில் வாழும் ஒருவர், தாம் ஒருநாளும் காணப்போகாத ஆப்பிரிக்கக் காண்டாமிருகத்திற்காகப் பணம் கொடுத்தல் வேண்டும். கொடுத்தபின் அவர் பெறும் பயன், ஓருயிர் அழியாமல் நின்றது என்னும் செய்தி ஒன்றே. இவ்வரிய பணிக்குத் தலைமை தாங்குவோர் எதிர்கொள்ளும் சிக்கல்கள் யாவை? 1961ஆம் ஆண்டில் தோன்றிய உலக வனவிலங்கு நிதியின் வரலாறு இதற்கு நல்ல விளக்கம் தருகின்றது.

அறிவு இருந்தது, பொருள் இல்லை

இயற்கையைக் காப்பதற்கென 1948ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு நாட்டின் பொந்தேன்புளோ நகரில் அனைத்துலகச் சங்கம் ஒன்று நிறுவப்பெற்றது. அறிவியல் அறிஞர்கள் அதில் ஒன்றுகூடினர். எந்த உயிரினம் அழிகின்றது, எதனால் அழிகின்றது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆனால் அறிந்ததைச் செயலாக்கப் போதிய பொருள் அவர்களிடம் இல்லை.

யுனெஸ்கோவின் முதல் தலைமை இயக்குநராக இருந்த உயிரியல் அறிஞர் ஜூலியன் ஹக்ஸ்லி, 1960இல் கிழக்காப்பிரிக்காவுக்குச் சென்று திரும்பினார். அவ்வாண்டு நவம்பரில் 'அப்சர்வர்' இதழில் மூன்று கட்டுரைகள் எழுதினார். வேட்டையும் வாழிட அழிவும் அப்போதிருந்த வேகத்தில் தொடர்ந்தால், அந்நிலப்பகுதியின் வனவிலங்குகள் இருபது ஆண்டுகளில் மறைந்துவிடக்கூடும் என எச்சரித்தார். அவற்றைப் படித்த விக்டர் ஸ்டோலன் என்னும் வணிகர், இப்பணிக்குப் பெரும்பொருள் திரட்டும் அமைப்பு உடனே தேவை என ஹக்ஸ்லிக்கு மடல் எழுதினார். ஹக்ஸ்லி அக்கருத்தை மாக்ஸ் நிக்கல்சனிடம் கொண்டுசேர்த்தார். நிக்கல்சன் திட்டம் வகுத்தார். 1961 ஏப்ரல் 29ஆம் நாள் மோர்ஜ் அறிக்கை என்னும் ஆவணம் உருவாயிற்று. செப்டம்பர் 11ஆம் நாள் நிதி முறையாக நிறுவப்பெற்றது.

இங்கே நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. புதிய அமைப்பினர் முன்னைய சங்கத்தின் வேலையை மறுபடியும் செய்ய முற்படவில்லை. எங்கே எதற்குச் செலவிடுவது என்பதற்கு அறிஞர்தம் அறிவுரையைக் கேட்டனர். பொருள் திரட்டுவதைத் தம் தனிக்கடமையாகக் கொண்டனர். கேட்பவர் வேறு, ஆய்ந்து சொல்பவர் வேறு என்றிருந்தமையால், கேட்பவரின் சொல்லுக்கு அறிஞரின் அறிவு பின்துணையாக நின்றது.

கேட்ட முறை

1961 அக்டோபர் 9ஆம் நாள் இலண்டன் 'டெய்லி மிரர்' நாளிதழ் தன் முகப்பில் காண்டாமிருகத்தின் படத்தைப் பெரிதாக வெளியிட்டு, இவ்வினம் அழியப்போகின்றது என அறைகூவியது. அப்பத்திரிகையின் வாசகர் பெரும்பாலும் உழைக்கும் மக்கள். அவர்கள் அனுப்பிய சிறுசிறு தொகைகள் ஏறத்தாழ 60,000 பவுனாகத் திரண்டன. புள்ளிவிவரம் நிறைந்த அறிக்கைகள் பல ஆண்டுகளாகச் செய்ய முடியாததை ஒரு விலங்கின் உருவம் செய்தது.

நிதியின் சின்னமும் இவ்வாறே தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்நாளில் இலண்டன் விலங்குக்காட்சிசாலையில் 'சீ சீ' என்னும் பாண்டா இருந்தது. மொழி அறியாதவரும் கண்டவுடன் விரும்பும் விலங்கு அது. அழிவின் விளிம்பில் நின்றதும் ஆகும். கறுப்பும் வெள்ளையுமாக இருப்பதால் அச்சுச்செலவும் குறையும். நிதியை நிறுவியோருள் ஒருவரான ஓவியர் பீட்டர் ஸ்காட் அதனைச் சின்னமாக வரைந்தார். முதல் மூன்று ஆண்டுகளில் நிதி திரட்டிப் பணிகளுக்கு வழங்கிய தொகை 19 இலட்சம் அமெரிக்க டாலரை நெருங்கியது.

அலுவலகச் செலவு என்னும் சிக்கல்

பொருள் திரட்டத் திரட்ட ஓர் இடர் தோன்றுவது இயல்பு. காண்டாமிருகத்திற்கென்று கொடுத்தவர், தம் பணம் காண்டாமிருகத்திற்கே செல்லவேண்டும் என எதிர்பார்ப்பர். அது நேரிய எதிர்பார்ப்பே. ஆனால் கணக்கர்க்குச் சம்பளம் யார் கொடுப்பது? அலுவலக வாடகைக்கும் தபால்செலவுக்கும் எங்கே போவது? கணக்கரும் கட்டடமும் படத்தில் அழகாகத் தோன்றா. குறித்த பணிக்கென வந்த பணம் பெட்டி நிறைய இருந்தும், அமைப்பை நடத்தக் கையில் காசில்லாத நிலை ஏற்படக்கூடும்.

இதற்கு 1970இல் ஒரு வழி காணப்பட்டது. நிதியின் தலைவர் நெதர்லாந்து இளவரசர் பெர்ன்ஹார்டும், தென்னாப்பிரிக்கத் தொழிலதிபர் ஆன்டன் ரூபர்ட்டும் '1001' என்னும் அறக்கட்டளையை அமைத்தனர். 1,001 பேர் ஒவ்வொருவரும் 10,000 டாலர் கொடுத்தல் வேண்டும். திரளும் ஒரு கோடி டாலர் மூலதனத்தைத் தொடாமல், அதன் வருவாயைக்கொண்டு தலைமை நிலையத்தின் அடிப்படைச் செலவுகளைச் செய்வதென்பது ஏற்பாடு. இதனால் ஏழை எளியோர் தந்த சிறுதொகையைக் களப்பணிக்கு அனுப்புவது எளிதாயிற்று.

பெருந்தொகைக்கு விலை உண்டு

எனினும் அவ்வேற்பாட்டிற்கும் ஒரு விலை இருந்தது. ஆயிரத்தொருவரின் பெயர்ப்பட்டியலை நிதி வெளியிடவில்லை. அது பின்னர்க் கசிந்தபோது கண்டனங்கள் எழுந்தன. 1976இல் லாக்ஹீட் விமான நிறுவனத்தின் கையூட்டு விவகாரத்தில் சிக்கிய பெர்ன்ஹார்ட், நிதியின் தலைமையிலிருந்து விலகினார். அவருக்குப்பின் அவ்விடத்திற்கு வந்த ஜான் லவுடன், ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். இயற்கையைக் காக்கும் அமைப்புக்கு எண்ணெய் வணிகத்தார் தலைமை தாங்கலாமா என்னும் வினா எழுவது இயல்பன்றோ? செல்வரின் துணையின்றிப் பெரும்பணிகள் நடவா. அத்துணையை மறைவில் பெற்றால், ஒரு பவுன் அனுப்பிய உழைப்பாளி தம் நம்பிக்கையை மீட்டுக்கொள்வார். ஆகவே எதைக் கேட்பது என்பதோடு, யாரிடம் கேட்பது, எதை வெளிப்படையாகச் சொல்வது என்பதையும் முடிவுசெய்பவரே பொருள் திரட்டும் தலைவர்.

அரசை அசைத்த பணம்

திரட்டிய பொருள் எத்துணைப் பெரிதாயினும் காட்டின் பரப்போடு ஒப்பிட்டால் சிறிதே. அதனை எவ்வாறு பெரும்பயன் தரச்செய்வது? 1972இல் தொடங்கப்பெற்ற புலி காக்கும் இயக்கம் இதற்கு எடுத்துக்காட்டு. நிதியின் அறங்காவலர் கை மவுண்ட்ஃபோர்ட், இந்தியப் பிரதமர் இந்திரா காந்தியைச் சந்தித்து, புலிகளுக்குக் காப்பகங்கள் அமைக்க இந்தியா முன்வந்தால் பத்து இலட்சம் டாலர் திரட்டித் தர முன்வருவதாகக் கூறினார். 1973 ஏப்ரல் 1ஆம் நாள் ஒன்பது காப்பகங்களுடன் புலித் திட்டம் தொடங்கியது. நிலமும் சட்டமும் காவலும் அரசினுடையவை; வெளியிலிருந்து வந்த பணம் அவ்வரசின் உறுதிக்குத் தூண்டுகோலாயிற்று. 1972இல் இந்தியாவில் புலிகள் 1,827 எனக் கணக்கிட்டனர். 2022இல் சராசரி மதிப்பீடு 3,682. கணக்கெடுக்கும் முறை இடையில் மாறியதாயினும், அழிந்துவிடும் என்று அஞ்சிய இனம் இன்றும் வாழ்கின்றது என்பதில் ஐயமில்லை.

மலேசியாவில் இந்நிதியின் கிளை 1972இல் நிறுவப்பெற்றது. நம் பள்ளிகளில் இயற்கை காக்க உண்டியல் எடுத்து வருவோரிடம் ஆசிரியர்களும் மாணவர்களும் மூன்று வினாக்களைக் கேட்கலாம். எந்தப் பணிக்குக் கேட்கின்றீர்? அலுவலகச் செலவை எதிலிருந்து செய்கின்றீர்? வேறு யார் உமக்குக் கொடுக்கின்றனர்? இவற்றுக்குத் தயங்காமல் விடை கூறுபவரிடம் மனமுவந்து கொடுக்கலாம். அவ்விடையை ஆண்டுதோறும் எழுத்தில் தந்துவரும் அமைப்புக்கு, முதலாண்டில் கொடுத்தவர் மறு ஆண்டும் கொடுப்பர்.