எழுவான்கரையில் ஒன்று, படுவான்கரையில் ஒன்று

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் நிலத்தை எழுவான்கரை என்கிறோம். வாவிக்கு மேற்கே வயலும் குளமுமாய் விரிந்த நிலத்தைப் படுவான்கரை என்கிறோம். ஞாயிறு எழும் கரை ஒன்று. படும் கரை மற்றொன்று. இவ்விரு கரைகளுக்கும் நேரும் இடர்களும் வேறு வேறு. மாரி மிகுந்தால் படுவான்கரையின் வயல்களும் வழிகளும் வெள்ளத்தில் அமிழும். கடல் சினந்தால் எழுவான்கரைக்கே முதல் அடி. ஒரு கரையார்க்குத் துன்பம் வந்தபோது மறுகரை உறவினர் வீடு அடைக்கலமாயிருப்பது எங்கள் ஊர் வழக்கம். கணக்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். ஒரு கடையின் கணக்கைப் பற்றி எழுதப் புகுந்தவன் கரைகளைப் பற்றிப் பேசுவானேன் என்று வாசகர் வினவலாம். சற்றுப் பொறுத்தருள்க.

என் பழைய மாணவி ஒருத்தி கல்லடிப் பக்கத்தில் வலை, தங்கூசி, படகு இயந்திர உதிரிப்பாகம் முதலியன விற்கும் கடை நடத்துகிறாள். கடையை நிறுவியவர் அவளுடைய தந்தையார். 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த ஆழிப்பேரலையில் அக்கடை அழிந்தது. கடன் கொப்பிகளும் அதனோடு போயின. சில வாரங்களின் பின் முதலாளியைக் கண்டேன். போன சரக்கைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"மாஸ்டர், எனக்கு வரவேண்டியது போனாப் போகட்டும். நான் ஆருக்கு எவ்வளவு குடுக்கணும் எண்டு தெரியாம இரிக்கன். அதாலதான் நித்திரை இல்ல" என்றார்.

அவருடைய துயரை நீக்கியது கொழும்பு மொத்த வியாபாரி ஒருவரிடமிருந்த பழைய சிட்டைப் புத்தகம். அதன் காபன் பிரதிகளைப் பார்த்து அவர் கடன் தொகையைச் சொல்லியனுப்பினார். முதலாளி தவணை முறையில் அதைக் கொடுத்துத் தீர்த்தார். ஒரு நீலக் காபன் தாள் ஒரு மனிதரின் நாணயத்தைக் காத்தது. அந்தப் பிரதி கல்லடியிலேயே இருந்திருந்தால் அதுவும் அலையோடு போயிருக்கும்.

தந்தைக்குப் பின் கடையை ஏற்ற மகள் கொப்பிகளை விடுத்து, கணக்குகளை முகில் மென்பொருளுக்கு மாற்றினாள். முகில் என்று பெயரிட்டாலும் வானத்தில் எதுவும் இல்லை. எங்கோ ஒரு நாட்டில், ஒரு நிறுவனத்தின் கட்டடத்தில் இருக்கும் கணினிகளில் நம் கணக்கு எழுதப்படுகிறது. இணையத்தின் வழியே நாம் அதனைப் பார்க்கிறோம். "இனி எந்தக் கடல் வந்தாலும் கணக்கு அழியாது சேர்" என்றாள். நானும் மகிழ்ந்தேன். கணக்கு அழியாதிருப்பதும் அது நம் கைக்கு எட்டுவதும் ஒன்றல்ல என்பது அன்று எனக்கும் தோன்றவில்லை.

2022 ஆம் ஆண்டு வந்தது. நாட்டில் டொலருக்குத் தட்டுப்பாடு. ரூபாயின் மதிப்பு சரிந்தது. டொலரில் செலுத்தவேண்டிய சந்தா, ரூபாயில் ஏறக்குறைய இரு மடங்காயிற்று. ஒரு மாதம் வங்கி அட்டை மறுக்கப்பட்டது. நிறுவனத்தின் அறிவித்தல்கள் பழைய இலிகிதர் ஒருவரின் மின்னஞ்சலுக்கே சென்றுகொண்டிருந்தன. அவரோ வேலை தேடிக் கட்டார் நாட்டுக்குப் போய்விட்டார். கடன் பெறுவதற்காக வங்கி மூன்றாண்டுக் கணக்கைக் கேட்ட நாளில்தான், தன் கணக்கின் கதவு சாத்தப்பட்டிருப்பதை அவள் அறிந்தாள்.

கடிதம் எழுதி, பணம் கட்டி, கதவு மறுபடி திறக்கப் பல நாட்கள் சென்றன. அந்நாட்களில் அவள் பட்ட பாட்டை நான் அருகிருந்து கண்டேன். வங்கிக் கடன் தாமதித்தது பெரிதன்று. தந்தவனிடம் மறுபடியும் கேட்டுவிடுவோமோ என்ற அச்சமே அவளை வருத்தியது. எங்கள் கடற்கரையில் அது சிறு பிழையன்று; ஒரு தொழிலாளியை நாலுபேர் முன்னிலையில் கள்ளனென்று சொல்வதற்கு ஒப்பாகும். ஒரு முதிய மீனவர் மட்டும், பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்திருந்த சிட்டைகளைத் தாமாகவே எடுத்துக் காட்டி, "இவ்வளவுதான் மகள் பாக்கி; பாத்துக்கொள்" என்றார். தந்தையின் காலத்தில் நிகழ்ந்ததே மகளின் காலத்திலும் நிகழ்ந்தது. மற்றொருவர் கையிலிருந்த பிரதியே மீண்டும் உதவியது.

இத்தகைய இடர் சிறு கடைகளுக்கு மட்டும் உரியதன்று. 2023 ஆம் ஆண்டில் இலங்கை அரசின் முகில் சேவை தீய மென்பொருளால் தாக்கப்பட்டபோது, அவ்வாண்டு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீட்கவொண்ணாது போயின. அக்காலப் பகுதிக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. 2025 செப்டெம்பரில் தென் கொரியாவின் தேஜோன் நகரில் அரசின் தரவு நிலையம் ஒன்று தீப்பற்றியது. அரச ஊழியர் கோப்புகளைச் சேமித்த 858 டெராபைட் களஞ்சியம் ஒன்று எரிந்தது. அதற்கும் வேறிடத்தில் பிரதி இல்லை. இவற்றுக்கு மாறாக, 2024 மே மாதத்தில் அவுஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் தனி முகில் சேவை, கூகுள் நிறுவனத்தில் நேர்ந்த அமைப்புப் பிழையால் நீக்கப்பட்டது. எனினும் வேறொரு சேவையாளரிடம் காப்புப் பிரதி இருந்தமையால் நிதியம் மீண்டெழுந்தது.

நிறுவனமே பிரதி எடுப்பதில்லையா என்று கேட்கலாம். எடுக்கும். ஆனால் அது தன் இயந்திரம் பழுதுற்றால் தன் சேவையை மீட்பதற்காக எடுக்கப்படுவது. நம் இலிகிதர் ஓராண்டுப் பதிவை அறியாது அழித்தால், அந்த அழிவும் பிரதிகளில் பதிந்துவிடும். நாம் சந்தா கட்டத் தவறினால், பிரதி இருந்தும் நமக்குப் பயன் இல்லை. மேலும், 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உண்ணாட்டரசிறைச் சட்டம் கணக்குப் பதிவுகளை ஐந்தாண்டு பேணும் கடமையை வரி செலுத்துவோரிடமே சுமத்துகிறது. மென்பொருள் விற்போரிடம் அன்று.

ஆகவே செய்யத்தக்கது யாது? பீற்றர் குரோக் என்ற அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் தம் படங்களைக் காப்பதற்கு வகுத்த விதியொன்று உண்டு: பிரதிகள் மூன்று, அவை இரு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறிடத்தில். கடைக்கும் அது பொருந்தும். முகிலில் இருப்பதை ஒன்றெனக் கொள்க. மாத முடிவில் பேரேடு, பரீட்சை மீதி, வருமதி சென்மதிப் பட்டியல்கள், சரக்கிருப்பு ஆகியவற்றை இருவிதமாக இறக்கி வைக்கவேண்டும்: மீண்டும் கணக்கமைக்க உதவும் எக்செல் அட்டவணையாக ஒருமுறை, எவரும் திறந்து வாசிக்கக்கூடிய பி.டி.எவ். கோப்பாக ஒருமுறை. சோகோ புக்ஸ் போன்ற சிலவற்றில் முழுத் தரவையும் ஒரே கட்டாகப் பெறும் வசதியும் உண்டு. சிட்டைகளின் படங்கள் அட்டவணையோடு வாராதிருக்கலாம். அவற்றைத் தனியே எடுத்தல் வேண்டும். பிறருடைய கடன் விவரம் அடங்கிய வன்தட்டுக்குக் கடவுச்சொல் இடுவது முறை. மென்பொருளின் உரிமை மின்னஞ்சல் முதலாளியுடையதாயிருத்தல் வேண்டும்; வீட்டார் இன்னொருவரும் நுழையும் உரிமை பெற்றிருத்தல் நன்று.

எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. திறந்து பாராத பிரதியை நம்பலாகாது. வேறொரு கணினியில் அதனைத் திறந்து, பரீட்சை மீதியின் இரு பக்கமும் ஒத்து வருகின்றனவா எனக் கூட்டிப் பார்க்கவேண்டும். உப்புக் காற்று வீசும் ஊரில் சாதனங்கள் விரைவில் பழுதாகும். பல்லாண்டு மின்னூட்டமின்றிக் கிடக்கும் பென்டிரைவ் பதிவை இழப்பதும் உண்டு.

இலக்கிய அன்பர்களுக்கு இது புதுச் செய்தியன்று. ஓலைச் சுவடி செல்லுக்கு இரையாகும் என்பதை அறிந்த நம் முன்னோர், அது சிதையுமுன் வேறு ஏட்டில் பெயர்த்தெழுதினர். அவ்வாறு எழுதி வந்த கைகள் இருந்தமையால்தான் வித்துவான் எப்.எக்ஸ்.சி. நடராசா 1962 இல் மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பிக்க முடிந்தது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் பிரதி உள்ள நூல்களைப் பின்னர் தேடிச் சேர்க்க முடிந்தது. ஒரே பிரதியாயிருந்த ஏடுகள் போனவை போனவையே. கடன் கொப்பி இலக்கியமன்று. ஆயினும் ஓர் ஊரின் வாக்கும் நாணயமும் அதிலே எழுதப்பட்டிருக்கின்றன.

இப்பொழுது மாதத்தின் முதல் ஞாயிறன்று என் மாணவி இரண்டு வன்தட்டுகளில் பிரதி எடுக்கிறாள். ஒன்று கல்லடி வீட்டு அலுமாரியில் இருக்கும். மற்றதை எடுத்துக்கொண்டு மண்முனைப் பாலத்தைக் கடந்து, கொக்கட்டிச்சோலையிலுள்ள சித்தி வீட்டுக்குப் போகிறாள். சென்ற மாதம் என்னையும் அழைத்துச் சென்றாள். சித்தியின் மகனுடைய கணினியில் கோப்பைத் திறந்து, தொகைகளை வாசித்துக்காட்டச் சொன்னாள். நான் பழைய பழக்கத்தால் காகிதத்தில் எழுதிக் கூட்டினேன். இரு பக்கமும் ஒத்து வந்தன. "சரியா சேர்?" என்றாள். "ஓம், சரி" என்றேன். அவள் வன்தட்டைத் துணியில் சுற்றிச் சித்தியின் கையில் கொடுத்தாள். சித்தி அதனை நெல் உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் இருந்த தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.