தொகுப்பில் இடம்பெறாத பாட்டு

புகழ்பெற்ற பாடகர் ஒருவரின் சிறந்த பாடல்களைத் திரட்டி ஒரே இசைத்தட்டாக வெளியிடுவது மேனாட்டு வழக்கம். சிறு தட்டுகளாய்ச் சிதறிக் கிடந்தவை அதனால் ஓரிடத்திற் சேர்கின்றன. பாடகரின் வளர்ச்சியும் புலனாகின்றது. ஆயினும், அத்தொகுப்பு அவரது கலையின் முழுக் கணக்காகுமா?

அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்திற் பிறந்த ஓட்டிஸ் ரெடிங், தேவாலயப் பாடலின் உருக்கத்தைக் காதற்பாட்டிற் கலந்த 'சோல்' இசையில் வல்லவர். 1967 நவம்பரில், 'ஓட்டிஸ் ரெடிங்கின் வரலாறு' எனப் பொருள்படும் பெயருடன் அவரது தொகுப்பு வெளிவந்தது. அதில் அடங்கியவை 12 பாடல்கள். அப்பொழுது அவருக்கு வயது 26.

அதே மாதம், மெம்பிஸ் நகரின் ஸ்டாக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் புதிய பாட்டொன்றைப் பதிவுசெய்யத் தொடங்கினார். கித்தார்க் கலைஞர் ஸ்டீவ் குரொப்பருடன் சேர்ந்து இயற்றிய 'டொக் ஒஃப் த பே' என்னும் அப்பாட்டு, விரிகுடாத் துறையில் அமர்ந்திருக்கும் ஒருவனின் தனிமையைக் கூறுவது. பழைய ஆவேசம் அதில் இல்லை. ஈற்றிற் சொற்கள் ஓய்ந்து, சீழ்க்கையொலியே எஞ்சுகின்றது.

டிசம்பர் 10ஆம் நாள் அவர் சென்ற விமானம் விஸ்கொன்சின் மாநிலத்து மொனோனா ஏரியில் வீழ்ந்தது, அவர் மாண்டார். 1968 மார்ச்சில் அப்பாட்டு அமெரிக்கப் பாடல் வரிசையில் முதலிடம் பெற்றது. வாழ்நாளில் அவருக்குக் கிட்டாத சிறப்பு அது.

'வரலாறு' என்ற இசைத்தட்டில் அப்பாட்டு இல்லை. தொகுப்பு என்பது கலைஞன் அதுவரை நடந்த வழியைக் காட்டுவது. அவன் அடுத்து வைக்கவிருந்த அடியை அது அறியாது.