தேநீருக்கு ஏற்ற வெல்லம் எது?

தேநீரில் வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாக வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் ஆகியவற்றைச் சேர்க்கும் வழக்கம் பரவி வருகிறது. சாலையோர டீக்கடைகளில் கூட இதற்கெனத் தனிப் பலகை தொங்குகிறது. கரும்பு பயிரிட்டு வெல்லம் காய்ச்சும் அணைக்கட்டு வட்டார விவசாயிகளுக்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால் தேநீருக்கு வாங்குபவர் தேடும் வெல்லமும், மண்டியில் நல்ல விலை பெறும் வெல்லமும் ஒன்றாக இல்லை என்பதே இதிலுள்ள சிக்கல்.

முதலில் உடல்நலக் கணக்கைப் பார்ப்போம். 100 கிராம் வெள்ளைச் சர்க்கரை ஏறத்தாழ 400 கலோரி வெப்ப சக்தி தருகிறது. அதே அளவு வெல்லம் 350 முதல் 380 கலோரி வரையிலும், தேன் 300 கலோரிக்குச் சற்று மேலும் தரும். இவை எல்லாமே இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றக் கூடியவை. எனவே சர்க்கரை வியாதி உள்ளவர்கள் ‘வெல்லம்தானே’ என்று தாராளமாகச் சேர்ப்பது ஆபத்து. கருப்பட்டிக்கும் இதே விதிதான். சேர்க்கப்படும் இனிப்பு எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு 25 கிராமுக்குள், அதாவது சுமார் 6 தேக்கரண்டிக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் கூறியது. தேன், வெள்ளைச் சர்க்கரை, வெல்லம் எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும். நாளைக்கு நான்கு வேளை, வேளைக்கு இரண்டு கரண்டி என்று குடிப்பவர் டீயிலேயே அந்த வரம்பைத் தாண்டி விடுகிறார்.

வெல்லத்தில் இரும்புச்சத்து உண்டு என்பது உண்மை. ஆயினும் ஒரு குவளைக்குப் போடும் 10 கிராமில் அது மிகச் சொற்பம். போதாததற்கு, தேயிலையின் துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்தை உடலில் சேர விடாமல் தடுக்கிறது. ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கத்தில் தோல் பதனிட ஆவாரம்பட்டையைப் பயன்படுத்தி வந்தார்கள் அல்லவா? அதன் துவர்ப்பும் தேயிலையின் துவர்ப்பும் ஏறக்குறைய ஒரே இனம். ஆகவே இரத்தசோகைக்காக வெல்லம் சாப்பிடுவோர் அதை டீயில் கலக்காமல், கேழ்வரகுக் களியோடோ பொரிவிளங்காய் உருண்டையிலோ சேர்த்துக் கொள்ளலாம்.

பிறகு டீக்கு வெல்லம் எதற்கு என்று கேட்கலாம். சுவைக்காகவும் மணத்துக்காகவும்தான். அதோடு, மணம் நன்றாக இருந்தால் குறைவாகப் போட்டாலே திருப்தி கிடைக்கிறது. ஆனால் அந்த மணம் வெல்லத்தில் இருக்க வேண்டுமே!

இங்குதான் நிறம் குறுக்கிடுகிறது. மண்டியில் மஞ்சளாக, பளிச்சென்று இருக்கும் வெல்லத்துக்கே நல்ல விலை. பழுப்பு நிறச் சரக்கு ஒதுக்கப்படுகிறது. அதனால் பலர் கொதிக்கும் சாறில் ‘ஹைட்ரோஸ்’ எனப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டைப் போடுகிறார்கள். இது துணிச் சாயத் தொழிலில் நிறம் நீக்கப் பயன்படும் கந்தகப் பொருள். இதன் எச்சம் ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தொல்லை தரக் கூடும். மேலும் இது தரும் மஞ்சள் நிறம் நிலைப்பதில்லை. இருப்பு வைத்தால் மறுபடி கறுக்கும். சிலர் கொப்பரையில் வெள்ளைச் சர்க்கரையையே கொட்டுவதும் உண்டு. அந்த வெல்லத்தை உடைத்தால் உள்ளே சர்க்கரைப் பரல் மின்னும், மணம் இராது. சேலம் மாவட்டத்தில் இத்தகைய வெல்லத்தை உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் பலமுறை பறிமுதல் செய்திருக்கிறார்கள். குற்றம் காய்ச்சுபவர் ஒருவருடையது என்று சொல்வது நியாயமாகாது. கறுப்பு வெல்லத்துக்கு விலை கொடுக்காத மண்டியும், மஞ்சளையே பொறுக்கி எடுக்கும் நாமும் இதில் பங்காளிகள்.

மருந்து போடாமலே நல்ல வெல்லம் எடுக்க முடியும். அதற்கு வேலை வயலிலேயே தொடங்குகிறது. யூரியாவை அதிகமாகவோ, காலங்கடந்தோ இட்ட கரும்பின் சாறு சரியாக இறுகாது. வெல்லமும் கறுத்து, சீக்கிரம் கசியும். நன்கு முதிர்ந்த கரும்பை வெட்டி, 24 மணி நேரத்துக்குள் ஆட்டி விட வேண்டும். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையம் உருவாக்கிய கோ 86032 ரகம் வெல்லத்துக்கும் ஏற்றது. சாறு சூடேறும்போது, பச்சை வெண்டைச் செடியின் தண்டை நசுக்கி நீரில் ஊற வைத்து எடுத்த கொழகொழப்பான சாற்றை ஊற்றினால் அழுக்கு திரண்டு மேலே வரும். அதைப் பொறுமையாக வழித்து எடுக்க வேண்டும். புளிப்பைக் குறைக்கத் தெளிந்த சுண்ணாம்பு நீர் சிறிதளவு போதும். மிகுந்தால் நிறம் மங்கும்.

தண்ணீரும் முக்கியம். உப்பேறிய நிலத்துக் கரும்பின் வெல்லம் கரிக்கும். ஈரம் இழுத்து இளகும். பாலாற்றங்கரை விவசாயிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவினால் இப்பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதை 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே குறிப்பிட்டது. ஜவ்வாது மலையடிவாரத்தில் நல்ல கிணறு வைத்திருப்பவர்கள் அதன் அருமையை உணர வேண்டும்.

மலைமேல் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை பக்கம் தேன் கிடைக்கிறது. தேனைக் கொதிக்கும் டீயில் ஊற்றுவது வீண், மணம் போய்விடும். பால் கலக்காத தேநீர் வெதுவெதுப்பாக ஆறியதும் சேர்க்கலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எந்த வகையிலும் கொடுக்கக் கூடாது.

வெல்லம் போட்டால் பால் திரிகிறது என்பது குடும்பத் தலைவிகளின் பொதுவான புகார். வெல்லத்தில் சிறிது புளிப்புத் தன்மை உண்டு. வெட்டிப் பல நாள் கிடந்த கரும்பின் வெல்லத்தில் அது கூடுதல். பால் கொதித்துக் கொண்டிருக்கையில் வெல்லம் போடாமல், டீயை இறக்கி வடிகட்டி, இரண்டு நிமிடம் ஆறவிட்டுப் பொடித்த வெல்லத்தைக் கலக்கினால் பெரும்பாலும் திரியாது.

கடையில் வாங்கும்போது பழுப்பு நிறமாக, உடைத்தால் கரும்புச் சாறின் மணம் வருவதாகப் பார்த்து வாங்கவும். சிறு துண்டை ஒரு தம்ளர் நீரில் கரைத்து வைத்தால் மண்ணும் சுண்ணாம்புத் தூளும் அடியில் தங்கிக் காட்டிக் கொடுத்து விடும். மழைக்காலத்தில் வெல்லம் கசியாதிருக்க, காற்றுப் புகாத பாத்திரத்தில் மூடி, அடுப்பின் ஆவி படாத இடத்தில் வைக்கலாம். காய்ச்சுபவர்கள் தை மாதச் சரக்கை மண்டிக்கு அனுப்பிவிட்டு, மருந்திடாத ஒரு கொப்பரையை மட்டும் தனியாக எடுத்து, பக்கத்து ஊர் டீக்கடைகளுக்கு நேரடியாகக் கொடுத்துப் பார்ப்பது எளிது. அங்கே நிறத்தை யாரும் பார்ப்பதில்லை. டீ எப்படியும் பழுப்புதானே.