அழுத்துவது பாதி, விடுவது பாதி

தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமிக்கொண்டே இருங்கள், இதயம் நிற்காது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி மறுபடியும் சுற்றுகிறது. இது உண்மையா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

உண்மையல்ல. 1970களில் ஆஞ்சியோ செய்யும் அறைகளில் சிலருக்கு, மானிட்டரில் இதயத்துடிப்பு குலைந்த அந்த நொடியே டாக்டர்கள் இருமச் சொன்னார்கள். அவர்கள் சிறிது நேரம் நினைவு தப்பாமல் இருந்தார்கள். அதைத்தான் வீட்டு வைத்தியமாக்கிவிட்டார்கள். மாரடைப்பில் ரத்தக்குழாய் அடைத்திருக்கும், ஆனால் இதயம் பெரும்பாலும் துடித்துக்கொண்டுதான் இருக்கும். இருமி ஒன்றும் ஆகப்போவதில்லை. இதயம் ரத்தத்தை இறைப்பதே நின்றுபோகும் கார்டியாக் அரெஸ்ட் வேறு. அது வந்தவருக்குச் சில நொடிகளில் நினைவு தப்பிவிடும், இருமவே முடியாது. அவரைப் பிழைக்க வைக்க இன்னொருவருடைய கை வேண்டும்.

அந்தக் கை என்ன செய்கிறது? மார்பின் நடுவில் இருக்கும் நெஞ்செலும்பை 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துகிறது. சிபிஆர் என்னும் இந்த முதலுதவி என்றதும் எல்லோருக்கும் அழுத்தம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அழுத்தியபின் கையை விடும் அந்த அரை நொடிக்கும் குறைவான நேரத்தில்தான் இதயத்துக்கே சாப்பாடு போகிறது.

தெருமுனை அடிபம்பை நினைத்துக்கொள்ளுங்கள். வெகுநேரம் யாரும் தொடாத பம்பில் முதல் சில அடிக்குத் தண்ணீர் வராது. விடாமல் அடித்தால் குழாயில் நீர் ஏறும், கைப்பிடி கனக்கும், பிறகு கொட்டும். நடுவில் நிறுத்தினால் ஏறியது இறங்கிவிடும். மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும். கைப்பிடியைக் கீழே அழுத்தியபடியே வைத்திருந்தாலும் சொட்டு வராது, தூக்கினால்தான் அடுத்த அடி. சிபிஆரிலும் இதெல்லாம் அப்படியே நடக்கிறது. வாஷர் வேலையை இதய வால்வுகள் பார்க்கின்றன. கையை முழுவதும் விட்டால் விலா எலும்புகள் நிமிர்ந்து, மார்புக்குள் அழுத்தம் குறைந்து, உடம்பிலிருந்து ரத்தம் இதயத்துக்குத் திரும்புகிறது. ஒரே ஒரு வித்தியாசம், இந்தப் பம்பு தான் இறைத்த தண்ணீரைத் தானும் குடித்தாக வேண்டும்.

குடிக்கும் இடம் அழகானது. பெருந்தமனி தொடங்கும் இடத்தில் வால்வின் இதழ்களுக்குச் சற்று மேலே இரண்டு சிறிய துவாரங்கள். அவைதான் கரோனரி தமனிகளின் வாய். அழுத்தும்போது ரத்தம் வெளியே பாய்கிறது. விடும்போது அதில் கொஞ்சம் திரும்பி வரப் பார்க்கிறது, வால்வு மூடிக்கொள்கிறது. வழி அடைபட்ட ரத்தம் அந்தத் துவாரங்களில் இறங்கி இதயத் தசையை நனைக்கிறது. இந்த ஓட்டத்தைத் தள்ளும் அழுத்த வித்தியாசம் சுமார் 15 மி.மீ. பாதரச அளவைக்கூட எட்டாவிட்டால் இதயம் மீண்டும் துடிப்பது மிக அரிது. அதை எட்டத் தொடர்ந்து பல அழுத்தங்கள் வேண்டும், இழக்கச் சில நொடி போதும். அதனால்தான் பயிற்சியாளர்கள், நடுவில் நிறுத்தாதே, மார்பின்மேல் சாய்ந்து கிடக்காதே என்று கத்துகிறார்கள்.

வரலாறு சுருக்கமாக: ஜெர்மனியில் மாஸ் என்ற டாக்டர் 1891லேயே இதைச் செய்தார், 1892இல் எழுதினார், உலகம் மறந்துவிட்டது. 1960இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கௌவன்ஹோவன் என்ற மின் பொறியாளரின் குழு அதை மீண்டும் நிலைநாட்டியது.

அதற்குப்பின் மார்பை அழுத்தும் இயந்திரங்கள் பெரிய ஆரவாரத்தோடு வந்தன. 2014இல் வெளியான ஒரு பெரிய ஐரோப்பிய ஆய்வில், கையால் அழுத்தியதைவிட இயந்திரம் கூடுதல் உயிர்களைக் காப்பாற்றவில்லை. இன்னொரு கருவி ஷாக் பெட்டி. சினிமாவில் மானிட்டரில் கோடு நேராகப் போனதும் ஷாக் கொடுப்பார்களே, அதுவும் தவறு. இதயம் தாறுமாறாகத் துடிதுடிக்கும்போதுதான் ஷாக் பயன்படும். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகன் மைதானத்தில் சுருண்டு விழுந்த டென்மார்க் கால்பந்து வீரர் எரிக்சன் ஒரே ஷாக்கில் மீண்டார். ஆனால் ஷாக் பெட்டி வரும்வரை அவர் இதயத்தையும் மூளையையும் காத்தவை கைகள். அடுத்த பிப்ரவரியில் அவர் மறுபடி ஆட வந்துவிட்டார்.

நம் ஊரில் ஒருவர் விழுந்தால் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறோம், சோடா தேடுகிறோம். துடிப்பு நின்ற சிலருக்குத் தொடக்கத்தில் கைகால் வெட்டி இழுக்கும். வலிப்பு என்று நினைத்துச் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறோம். வாயைப் பிளந்து விட்டுவிட்டு மேல்மூச்சு வாங்கினால், மூச்சு இருக்கிறதே என்று காத்திருக்கிறோம். அது மூச்சல்ல. எதுவும் செய்யாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் குறைக்கிறது.

தட்டிக் கூப்பிட்டும் அசையவில்லை, சரியான மூச்சில்லை என்றால் 108ஐ அழையுங்கள், போனை ஸ்பீக்கரில் போடுங்கள், அழுத்தத் தொடங்குங்கள். பெரியவர்களுக்கு வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குழந்தைகளுக்கும் நீரில் மூழ்கியவர்களுக்கும்தான் மூச்சும் தேவை. விலா எலும்பு முறியலாம், முறிந்தால் ஒட்டிக்கொள்ளும். இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும், பக்கத்தில் நிற்பவரை மாறச் சொல்லுங்கள். பொம்மையில் ஒருமுறையாவது அழுத்திப் பார்க்காமல் இந்த ஆழம் கைக்குப் பிடிபடாது. உங்கள் அலுவலகத்தில், பிள்ளைகளின் பள்ளியில் ஒரு பயிற்சி வகுப்பு வைக்கச் சொல்லி இந்த வாரமே கேளுங்கள்.