வனிலாக் கொடியும் அதன் சாகுபடியும்

ஆர்க்கிட் என்னும் தாவரக் குடும்பத்தில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் உள. அவற்றுள் பெரும்பாலானவை பூவின் அழகுக்காகவே வளர்க்கப்படுகின்றன. காயின் பொருட்டுப் பேரளவில் பயிரிடப்படுவது வனிலாவேயாகும். ஐஸ்கிரீம், சாக்லேட் முதலிய பண்டங்களுக்கு நறுமணம் தருவது இதன் பதப்படுத்திய காய். இக்கொடியை வளர்ப்பது எளிது. காய் பிடிக்கச் செய்வதும் அக்காயை மணப்பொருளாக்குவதுமே அரிது. ஆதலால் நிலத்தின் விஸ்தீரணத்தைக் காட்டிலும், வேலைக்குக் கிடைக்கும் கைகளைக் கணக்கிட்டே இதைப் பயிரிடுதல் வேண்டும்.

பூர்வீகம்:— இதன் தாயகம் மெக்ஸிகோவும் மத்திய அமெரிக்காவும் ஆகும். அங்கிருந்து பிற தேசங்களுக்குக் கொண்டு செல்லப்பட்ட கொடிகள் செழித்து வளர்ந்து பூத்தும், நெடுங்காலம் காய்க்கவில்லை. பூவில் மகரந்தப்பைக்கும் சூல்முடிக்கும் இடையே மெல்லிய தடுப்பு ஒன்று இருப்பதே காரணம். 1836-ம் வருஷத்தில் பெல்ஜிய நாட்டுத் தாவர நிபுணர் சார்லஸ் மோரன் கையால் மகரந்தம் சேர்த்துக் காய் உண்டாக்கினார். 1841-ல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், சிறு குச்சியொன்றால் அவ்வேலையை நொடியில் முடிக்கும் வழியைக் கண்டான். இன்றளவும் தோட்டங்களில் கையாளப்படுவது அம்முறையே.

சீதோஷ்ணமும் நிலமும்:— 21 முதல் 32 டிகிரி சென்டிகிரேட் வரையிலான வெப்பமும், வருஷத்துக்கு 60 முதல் 100 அங்குல மழையும், காற்றில் ஈரமும் உள்ள இடம் ஏற்றது. பூக்கும் பருவத்துக்கு முன் இரண்டு மாத வறட்சி இருப்பின் மொட்டுகள் நன்கு தோன்றும். இலைமக்கு மிகுந்து, நீர் தேங்காத மண் வேண்டும். தமிழ்நாட்டில் நீலகிரிச் சரிவிலுள்ள கல்லாறு, பர்லியாறு பழப்பண்ணைகளில் இக்கொடி வளர்க்கப்பட்டுள்ளது. பாதி நிழல் இன்றியமையாதது.

நடுதல்:— கல்யாண முருங்கை, கிளைரிசிடியா போன்ற மரங்களைத் துணையாக முன்கூட்டியே நட்டு வளர்க்க வேண்டும். வரிசைக்கு வரிசை 8 அடியும், மரத்துக்கு மரம் 5 அடியும் விடலாம். நோயற்ற கொடியிலிருந்து 3 அடி நீளமுள்ள துண்டுகளை வெட்டி, அடியிலுள்ள மூன்று நான்கு இலைகளை நீக்கி, ஒரு வாரம் நிழலில் வைத்திருந்து நட வேண்டும். கணுக்களை மேல்மண்ணில் படியவைத்து இலைச்சருகால் மூடினால் போதும். ஆழப் புதைத்தல் கூடாது. கொடி ஓராள் உயரம் சென்றதும் கிளையின் மேல் வளைத்துத் தொங்கவிட வேண்டும். உயர ஏறவிட்ட கொடியில் பூவும் குறையும், கைக்கும் எட்டாது. வேரழுகல் நோய் வராமலிருக்க வடிகாலே முதற்காப்பு. அழுகிய கொடியை உடனே அகற்றி எரித்துவிட வேண்டும்.

மகரந்தச் சேர்க்கை:— மூன்றாம் வருஷத்தில் பூக்கத் தொடங்கும். பூ விடியற்காலையில் விரிந்து, அன்று பிற்பகலுக்குள் வாடிவிடும். ஆதலால் முற்பகலிலேயே வேலை முடிதல் வேண்டும். கூரிய குச்சியால் தடுப்பை மேலே தூக்கி, மகரந்தத்தைக் கட்டைவிரலால் சூல்முடியின்மேல் மெதுவாக அழுத்த வேண்டும். 100 கொடிகளில் கொடிக்கு 10 குலைகள் வீதம் 1,000 குலைகள் இருந்து, குலைக்கு ஒரு பூ விரியுமானால், ஒரு காலையில் 1,000 பூக்களைத் தொட வேண்டும். தேர்ந்த ஒருவரின் ஒரு நாள் வேலை இது. குலைக்கு 8 அல்லது 10 காய்கள் பிடித்ததும் எஞ்சிய மொட்டுகளைக் கிள்ளிவிட வேண்டும். இல்லையேல் காய் சிறுத்துக் கொடியும் இளைக்கும்.

அறுவடையும் பதப்படுத்தலும்:— ஆறு முதல் ஒன்பது மாதங்களில் காய் முற்றும். நுனி மஞ்சளாகும்போது பறிக்க வேண்டும். பசுங்காய்க்கு மணம் இல்லை. அதனை 63 முதல் 65 டிகிரி வெந்நீரில் மூன்று நிமிஷம் அமிழ்த்தி, கம்பளியில் சுற்றிப் புழுங்கவைத்து, பின் ஓரிரு வாரங்கள் தினமும் சிறிது நேரம் வெயிலில் காட்டிச் சுற்றி வைக்க வேண்டும். அதன்பின் இரண்டு மூன்று மாதம் நிழலில் உலர்த்தி, மேலும் இரண்டு மூன்று மாதம் பெட்டியில் அடைத்து வைத்தால் மணம் நிறைவுறும். ஒரு கிலோ பதப்பட்ட காய்க்கு ஐந்தாறு கிலோ பசுங்காய் தேவை.

விலை:— 2000-ம் வருஷத்தில் மடகாஸ்கரைப் புயல் தாக்கியபின் உலகச் சந்தையில் விலை ஏறியது. 2003-ல் கேரளத்திலும் கர்நாடகத்திலும் பசுங்காய் கிலோ சில ஆயிரம் ரூபாய்க்கு விற்றது. அதுகண்டு பலர் கடன் வாங்கிக் கொடி நட்டனர். கொடி பூக்கும் முன்னரே விலை வீழ்ந்தது. தோட்டங்கள் பல கைவிடப்பட்டன. செயற்கை வனிலின் மிகக் குறைந்த விலையில் கிடைப்பதால், உண்மை வனிலாவை நாடுவோர் தொகை எப்பொழுதும் சிறிதேயாகும்.

ஆகவே பாக்கு, தென்னை, காப்பித் தோட்டமுடையோர், இருக்கும் மரங்களின் நிழலில் சில கொடிகளை வளர்த்து, வீட்டாரே மகரந்தம் சேர்க்கவும் பதப்படுத்தவும் பழகிக்கொள்வது நலம். பதப்பட்ட காய் நெடுநாள் கெடாதாகையால், விலை குறைந்த வருஷத்தில் அதனைச் சேமித்துவைக்கலாம். பசுங்காயை மட்டும் விற்போருக்கு அவ்வசதி இல்லை.